துரையோடு நடந்தவர்

டெலிபோன் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் குனிந்து கேட்கிற அளவுக்கு இறங்கும். தேனி எக்ஸ்சேஞ்சில் பல வருஷம் ஹெட்செட் மாட்டி டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர். எல்லாம் தானாக இயங்க ஆரம்பித்த பிறகு அவரைப் புகார் வாங்குகிற மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே வந்து கத்துகிறவர்களிடம் அவர் சாதாரணமாகத்தான் பேசுவார். ஒருத்தர் இன்னொருத்தரைப் பயமுறுத்தி, அந்தப் பயத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைக் கண்டால்தான் அந்த இறங்கின குரல் வெளியே வரும். வந்துவிட்டால் எதிரே நிற்பது யாராக இருந்தாலும் அவர் பார்க்கமாட்டார்.

பழனிசெட்டிபட்டியில் நாங்கள் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வீடு, நடுவில் ஒரு குழாய், முன்னால் ஒரு இரும்புக் கேட். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருந்ததால் காம்பவுண்டுக்குள் நடப்பதெல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். மகள் அப்போது சின்னப்பிள்ளை, சோறு ஊட்டுவதற்குள் உயிர் போய்விடும். ஒருநாள் என் வீட்டுக்காரர் அவளிடம், சாப்பிடாவிட்டால் டெலிபோன் அக்கா வந்து ஊசி போடுவார் என்று சொல்லிவிட்டார். அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டது. அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, என் பேரைச் சொல்லிப் புள்ளையப் பயமுறுத்தாதீக," என்றார். "ஒரு புள்ள என்னையப் பாத்துப் பயப்படுதுன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு எறங்காது."

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் பூச்சாண்டி என்ற வார்த்தையைக்கூட வீட்டில் சொன்னதில்லை.

இன்னொரு தடவை நானும் அக்காவும் போடிக்குப் பஸ்ஸில் போனோம். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு அம்மா கூடையில் ஒரு கோழியோடு ஏறியிருந்தது. கண்டக்டருக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். கோழி ஏற்றினால் கேஸ், போலீஸ் ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மாவை நடுங்கவைத்தார். முன்சீட்டுக்காரர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டது. அக்கா எழுந்துபோய்க் கண்டக்டரிடம் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் முகம் சுருங்கிப்போய்ப் பின்பக்கம் நகர்ந்துவிட்டார். அக்கா திரும்பி வந்து உட்காரவில்லை. சீட்டு காலியாகக் கிடக்க, போடி வரைக்கும் அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.

ஏன் இவர் இப்படி என்பதற்கு அவர் ஒரே ஒரு தடவைதான் ஏதோ சொன்னார். அவர் பிறந்தது மேகமலையில், தேயிலை எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கிற லைன் வீட்டில். விடியற்காலையில் வேலைக்கு ஆள் ஓட்டுகிற கங்காணி குச்சியால் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவாராம். எழுப்புவதற்காகத் தட்டவில்லை, அதற்குள் எல்லாரும் எழுந்துதான் இருப்பார்கள். உள்ளே பிள்ளைகள் விழுந்தடித்து ஒளிகிற சத்தத்தைக் கேட்கத்தான் அந்தத் தட்டு. கேட்டுவிட்டு வெளியே நின்று சிரிப்பாராம். இதைச் சொல்லிவிட்டு அக்கா பேச்சை மாற்றிவிட்டார்.

துரை வந்தது தொண்ணூத்தெட்டு வாக்கில். போடியில் ஒரு பெரிய வீட்டுக்காரர் காவலுக்கென்று நல்ல ஜாதி நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார். தைரியம் வரவேண்டும் என்று அதைக் கூண்டில் அடைத்து, கூண்டுக்குப் பக்கத்திலேயே வெடி போட்டுப் பழக்கினாராம். தைரியமா வரும்? தட்டு விழுந்தால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்கிற பிராணியாக அது வளர்ந்தது. உதவாத நாய், எங்காவது விட்டுவிட்டு வா என்று டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அந்த டிரைவர் போன் ரிப்பேர் என்று புகார் சொல்ல எக்ஸ்சேஞ்சுக்கு வந்த இடத்தில் இதையும் சொல்லியிருக்கிறார். அக்கா மேசையை விட்டு எழுந்துபோய்ப் பார்த்தால், காரின் பின்சீட்டுக்கு அடியில் அது சுருண்டு கிடக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் ஆட்டோவில் அதோடு வந்து இறங்கினார்.

பழுப்பு நிறம், நீண்ட கால், வளர்ந்தும் வளராத உடம்பு. வால் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும், அப்படி வயிற்றோடு ஒட்டியிருந்தது. பேர் என்ன என்று கேட்டேன். துரை என்றார். எஸ்டேட்டில் மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துரை வர்றாருன்னா ஓடி ஒளியணும்னு வளந்தவ நான். இப்ப ஒரு துரை என்னையப் பாத்து ஒளியுது. ரெண்டும் வேணாம். சேந்து நடப்போம்," என்றார்.

நடப்பது அவ்வளவு லேசாக இல்லை. முதலில் அது கட்டிலுக்கு அடியிலிருந்தே வரவில்லை. அக்கா வேலை முடிந்து வந்து, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வார். பொறை ரொட்டியை உடைத்துப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார். அது எப்போது வந்து தின்னும் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அப்புறம் வாசல். அப்புறம் கேட். கேட்டுக்கு வெளியே கால் வைக்கவே அதற்கு எத்தனையோ நாளானது. கயிறு எப்போதும் தளர்ந்துதான் இருக்கும். அது நின்றால் இவரும் நிற்பார். அது திரும்பினால் இவரும் திரும்புவார். சேலை கட்டிக்கொண்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு, நடுச்சந்தில் ஒரு பெண்பிள்ளை நாயோடு சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து எங்கள் தெருவுக்கு வேடிக்கை.

சந்தின் கோடியில் ஒரு மாவு மில். பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டாலே துரையின் காது தலையோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா வெகுதூரத்திலேயே நின்று பொறையை நீட்டுவார். வாங்கித் தின்றால் அந்த இடம் அதற்குத் தாங்குகிறது என்று அர்த்தம். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்பார், வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இழுத்துக்கொண்டு போங்கள், தானாகப் பழகிவிடும் என்று சொல்லாத ஆளில்லை.

"இழுத்தா வரும்," என்றார் அக்கா ஒருத்தரிடம். "மில்லு முன்னால நிக்கவும் செய்யும். பழகிருச்சுன்னு நீங்க சொல்லுவீக. அது வேற வழியில்லாம நிக்கும்."

இப்படியே மாவு மில் தாண்டியது. டீக்கடை முக்கு தாண்டியது. கம்பம் ரோட்டில் பஸ் போகிறபோது ஓரமாக நின்று பார்க்கவும் துணிந்துவிட்டது. அதன் வால் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றை விட்டு இறங்கியது. என் மகள் அதைப் பார்த்து, துரைக்கு வால் முளைத்துவிட்டது என்று காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இதெல்லாம் பிடிக்காமல் போனது எங்கள் வீட்டு ஓனருக்கு. அவருக்குச் சிமெண்டுக் கடை. திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் சப்ளை செய்வார். வெள்ளைச் சட்டை, புல்லட். நாயின் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. துரை கேட்டுக்கு வெளியே வருகிற நேரம் பார்த்துப் புல்லட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். அந்தச் சத்தத்தில் துரை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். அதைப் பார்த்து அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆம்பிளை நாய்க்கு இவ்வளவு பயமா, நான் தைரியம் வரவைக்கிறேன் என்பார். அக்கா போகிற நேரத்தை மாற்றினார். அவரும் வருகிற நேரத்தை மாற்றிக்கொண்டார். கடை கண்ணி வைத்திருக்கிற, பேரன் எடுக்கிற வயசு மனுஷன், ஒரு நாய் மூத்திரம் போவதைப் பார்ப்பதற்காக வேலையை விட்டுவிட்டு வருகிறார். தெருவில் ஒருத்தராவது அவரை ஏன் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. கூடச் சேர்ந்து சிரித்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஒருநாள் மத்தியானம் அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம், ஓனர் ஒரு ஜீப்போடு வந்தார். கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப், அதன் டிரைவரை எனக்கு முகம் தெரியும். ஓனர் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் அக்கா வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே துரை கத்தின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குலைக்கத் தெரியாத நாய் அது, கத்தத்தான் செய்தது. சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் மிஷினை விட்டு ஓடிப்போய் முன்னால் நின்றேன். இது அடுத்தவர் வீடு, அடுத்தவர் நாய், என்ன செய்கிறீர்கள் என்றேன். என் வீடு, உன் வேலையைப் பார் என்றார். மற்ற இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவுகள் சாத்தின சத்தமும் எனக்கு மறக்கவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தார். சொன்னேன். ஜீப் டிரைவர் யார் என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஜீப் ஸ்டாண்டில் அவனைப் பிடித்துவிட்டார். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவலுக்கு விட்டதாகச் சொன்னான்.

மறுநாள் காலையில் நானும் அவரோடு போனேன். கம்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். பழம் பழுத்துத் தொங்குகிற சமயம். கிளியும் மைனாவும் பழத்தில் வந்து விழாமல் இருக்க ஒரு பக்கம் தகரம் அடிக்கிறார்கள், இன்னொரு பக்கம் வெடி போடுகிறார்கள். உலகத்தில் எந்த இடத்துக்கு அந்த நாயைக் கொண்டுவரக் கூடாதோ, சரியாக அந்த இடத்துக்கு ஓனர் அனுப்பியிருக்கிறார். தெரிந்துதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தோட்டத்துக்காரர் உத்தமபாளையத்துப் பாய், வயதானவர், தலையில் தொப்பி. ஓனரிடம் கல்தூண் வாங்குகிற பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வளர்க்க முடியவில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் தன்னிடம் சொன்னார்கள் என்றார்.

"களவாண்ட நாயின்னு தெரிஞ்சா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்மா. பாவம், வந்ததுலருந்து ஒரு வாய் தின்னல. அங்கன மோட்டார் ரூமுக்குப் பின்னால கெடக்கு. அந்தப் பக்கம் வெடி போட வேணாம்னு பசங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

அவர்கள் வழக்கப்படி நாயைத் தொடமாட்டார். ஆனாலும் தன் கையால் ஒரு சட்டியில் தண்ணீரும் இன்னொன்றில் சோறும் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் போனதும் தோட்டம் முழுக்கத் தகரத்தையும் வெடியையும் நிறுத்தச் சொன்னார். கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. பழம் போகிறதே என்று வேலையாள் ஒருத்தர் சொன்னதற்கு, போனால் போகட்டும் என்றார்.

துரை சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. அக்காவின் குரல் கேட்டும் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு போய்விடலாம் அக்கா என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சேற்றில் அப்படியே உட்கார்ந்தார், அதற்கு முதுகைக் காட்டி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பாய் தூரத்தில் வரப்பில் குந்தியிருந்தார். வெயில் ஏறியது. ஒரு கட்டத்தில் துரை தலையை வெளியே எடுத்து, ஊர்ந்து ஊர்ந்து வந்து, அக்காவின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றது. அப்போதுதான் அக்கா அழுதார். குரல் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அழுது முடித்துத்தான் திரும்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஓனர் காம்பவுண்டுக்கு வந்தார். துரையை என் வீட்டுக்குள் விட்டுவிட்டு அக்கா கேட்டுக்குப் போனார். நாய்தானே, திரும்பி வந்துவிட்டதில்லையா, இதை ஒரு பெரிய விஷயமாக்காதே என்று ஓனர் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்காவின் குரல் இறங்கியது. நான் வாசல்படியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டேன்.

"சாக்குக்குள்ள அது நடுங்குனது ஒங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும். தினமும் அது மூத்திரம் போறத நின்னு பாத்தீக. அதுல ஒங்களுக்கு என்ன கெடச்சது? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

ஒரு மனுஷனிடம் அதைவிடச் சாதாரணமான கேள்வி கேட்க முடியாது. அதற்கு ஓனர் கத்த ஆரம்பித்தார். பொம்பளைக்கு இவ்வளவு வாயா, மாசம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய் என்றார். அக்கா சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அக்கா காலி செய்கிறபோது ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. போன் கனெக்‌ஷன் சீக்கிரம் கிடைக்க வேண்டும், பில்லில் தப்பிருக்கிறது என்று அவர் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள்தான் அத்தனை பேரும். நாய்க்காக வீட்டை விட்ட பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். நாயைத் திருடினவனைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. என் வீட்டுக்காரரும் நானும்தான் சாமானை ஏற்றிக் கொடுத்தோம். அடுத்த வருஷம் நாங்களும் அந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

அக்கா வீரபாண்டிப் பக்கம் வயலை ஒட்டி ஒரு வீடு பிடித்தார். துரை முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் கட்டிலடி, மறுபடியும் வாசல். பாடுபட்டு ஏற்றிவைத்ததை ஒரு ஆள் ஒரு மத்தியானத்தில் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா பொறையை உடைத்துக்கொண்டிருந்தார். நான் மகளோடு பார்க்கப் போன ஒரு நாள், மூணு பேரும் ஆற்றங்கரைப் பாதையில் அதோடு நடந்தோம். எதிரே வாழைத்தார் ஏற்றின டிராக்டர் ஒன்று வந்தது. அக்கா வழக்கம்போல் நின்றார். துரையும் நின்றது, காதை ஒட்டிக்கொண்டது. டிராக்டர் கடந்து போனது. பிறகு கயிறு இறுகியது. பின்பக்கமாக இல்லை, முன்பக்கமாக. அந்த நாய் முதல் தடவையாக அக்காவை இழுத்துக்கொண்டு போனது. அக்கா அதன் பின்னால் வேகமாக நடந்தார், எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து வருஷம் கழித்து உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு நேர் எதிர் வரிசையில் பழைய ஓனர். தலை நரைத்திருந்தது, சத்தம் குறையவில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாய்க்கிறுக்கு பிடித்த பொம்பளை, நாய் எங்கேயோ ஓடிப்போனதற்குத் தன்னோடு சண்டைக்கு வந்தது என்று. எல்லாரும் சிரித்தார்கள். நான் இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"நாய் ஓடிப்போகல. பூட்டுன வீட்டத் தெறந்து சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனது நீங்க. நான் பாத்தேன்," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். சிரிப்பு நின்றது. இலையை மூடிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மண்டபத்து வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் ரிட்டையர் ஆகிச் சின்னமனூரில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். நல்லா கேட்டே என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அவரு சம்சாரம் அங்கன இருந்தாகளா?"

இருந்தார். பெண்கள் பக்கம், தூணுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மெலிந்த உருவம். காம்பவுண்டில் இருந்த காலத்தில் ஒரு தடவை கணவர் பின்னால் புல்லட்டில் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், பேசிக் கேட்டதில்லை.

"நாலு பேர் முன்னால அவருக்கு மூஞ்சி போயிருச்சு. வீட்டுக்குப் போயி அந்தக் கோவம் யாரு மேல எறங்கும்? போ, அந்தம்மா பக்கத்துல உக்காரு. போ முதல்ல."

இறங்கின குரல்தான். முதல் தடவையாக என்னிடம். நான் உள்ளே போனேன். அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓனர் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, மடியில் தாம்பூலப் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். நானும் அவர் பக்கம் திரும்பாமல் பந்தியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த பந்திக்குக் கூப்பிட்டபோது அவர் எழுந்தார், நானும் எழுந்து அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றிவிட்டுப் போன பிறகு, தலையை நிமிர்த்தாமல், உதடு அசைவது தெரியாமல் கேட்டார்.

"அந்த நாயி உசுரோட இருக்கா?"

இருக்கிறது, வயசாகிவிட்டது, தினமும் சின்னமனூர் ரோட்டில் அக்காவோடு நடக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அக்காவின் வீடு சின்னமனூரில் எந்த இடத்தில் இருக்கிறது, ஒரு பொம்பளை தனியாக வந்தால் கண்டுபிடித்துவிடலாமா என்று கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஒவ்வொரு திருப்பமாக நிதானமாகச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார்.